ரெண்டாவது படி வளர்கிறது

“நம்ம மாடிப்படியில ரெண்டாவது படி வளருதுடா” என்று அத்தை சொன்னபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரையை வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி சட்டையில் விழுந்தது, பாதி தொண்டைக்குள் போனது. “தினமும் தண்ணி ஊத்தறீங்களா அத்தை?” என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நான் அந்த நகைச்சுவையை ஐந்து மாதம் விடவில்லை. வீட்டுக்குப் பால் கொண்டுவந்தவரிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

இவள் என் அப்பாவின் அக்கா. வயது எழுபத்தொன்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. உறவில் எல்லோருக்கும் இவள் ‘அரை இஞ்ச் அத்தை’. பதினேழு வயதில் சீருடை தைக்கிற கம்பெனியில் பொத்தானுக்குக் காஜா போடும் பெண்ணாகச் சேர்ந்து, முப்பதுக்குள் துணி வெட்டும் மேசைக்குப் போய்விட்டாள். அங்கே நாற்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து ஒரே மூச்சில் வெட்டுவார்கள். கை கொஞ்சம் பிசகினால் ஒரு சட்டை கெடாது, நாற்பது சட்டை கெடும். வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு தடவைகூடத் தன் கை பிசகியதில்லை என்பாள். இரண்டு தடவை என்பார் அப்பா, உயிரோடு இருந்தவரைக்கும். அந்த இரண்டும் துணியின் தப்பு என்பாள் அத்தை. ஓய்வு பெற்ற நாளன்று கம்பெனிக்காரர்கள் அன்பாக ஒரு சட்டை தைத்துப் பரிசளித்தார்கள். மேடையிலேயே விரித்துப் பார்த்துவிட்டு, “இடது கை அரை இஞ்ச் நீளம்” என்று மைக்கில் சொன்னாள். பேசி முடித்தவர்கள் கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இளமையில் இவளுக்குக் கல்யாணப் பேச்சு ஒன்று வந்ததாம். வந்தவர் நல்ல வேலையில் இருந்தவர், பார்க்கவும் லட்சணம். உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவரை அத்தை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறாள். நின்றார். “உங்க வலது கால் கொஞ்சம் குட்டை. பேன்ட்டை அதுக்குத் தகுந்த மாதிரி தைச்சுக்கணும், இல்லன்னா இப்படித்தான் தரையில இழுபடும்” என்றாளாம். அவள் உதவி செய்ததாகத்தான் நினைத்திருக்கிறாள். அவர் அப்படி நினைக்கவில்லை. என் மனைவியை முதன்முதலில் பார்த்த அன்றும் இதே உதவி நடந்தது: “தங்கமான பொண்ணு. இடது தோள் மட்டும் அரை இஞ்ச் இறக்கம்.” பன்னிரண்டு வருடமாகிறது. இன்றைக்கும் என் மனைவி கண்ணாடி முன்னால் நின்றால் முதலில் இடது தோளைத்தான் பார்க்கிறாள்.

வீட்டின் கீழ்த்தளத்தை அப்பா கட்டினார். மாடியை அத்தை கட்டினாள். மேலே ஒரே பெரிய அறை, மூன்று ஜன்னல், நடுவில் ஒரு பழைய கதவைப் படுக்க வைத்துச் செய்த வெட்டு மேசை. ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் உள்ளவர்களுக்கு அங்கேதான் துணி வெட்டிக்கொடுத்தாள். தைப்பதில்லை. தைப்பதை யாரும் செய்வார்கள், வெட்டுவதுதான் வேலை என்பது அவள் கட்சி. கழுத்தில் அளவு டேப், ஒரு நாளைக்கு ஆறு தடவை படியில் ஏற்றம், ஆறு தடவை இறக்கம். முப்பது வருடமாக அந்த மரப்படியில் அவள் கைப்பிடியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவள் தடுக்கினாள். முதலில் ஒரு காப்பி டம்ளர் போனது. பிறகு ஒரு மூக்குக் கண்ணாடி. மூன்றாவது தடவை முட்டியில் தோல் கிழிந்தது. எல்லாமே ஏறும்போது, எல்லாமே இரண்டாவது படியில். அதனால்தான் படி வளர்கிறது என்றாள்.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேண்டும். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விபத்துகளை ஆராய்கிற வேலை எனக்கு. யார் எங்கே விழுந்தார், ஏன் விழுந்தார், தப்பு விழுந்தவர் மேலா, இடத்தின் மேலா என்று விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். இருபது வருட அனுபவம். கடையில் வழுக்கி விழுந்தவர், தொழிற்சாலையில் ஏணியிலிருந்து விழுந்தவர் என்று எத்தனையோ பேரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விசாரித்திருக்கிறேன். அந்த அனுபவத்தை எல்லாம் திரட்டி, எங்கள் வீட்டு விபத்துக்குப் பல் தேய்த்து முடிப்பதற்குள் தீர்ப்பு எழுதினேன்: வயசு.

அதற்குப் பிறகு நாங்கள் காட்டிய அக்கறை இருக்கிறதே, அதைத் தாங்க இன்னும் இளமையான ஆள் வேண்டும். கண் டாக்டர், காது டாக்டர், முட்டி டாக்டர் என்று வரிசையாகக் கூட்டிப்போனோம். முட்டி டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இந்த வயசுக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார். ‘நல்லாத்தான் இருக்கு’ என்பதை அங்கேயே விட்டுவிட்டு ‘இந்த வயசுக்கு’ என்பதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் மனைவி நாலு கால் வைத்த கைத்தடி ஒன்று வாங்கினாள். அத்தை அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுக்கு என்னைவிட ரெண்டு கால் அதிகமா இருக்கே, இதையே மேல அனுப்புங்க, எனக்குக் கத்திரிக்கோலை எடுத்துட்டு வரட்டும்” என்றாள்.

நானும்தான் தடுக்கினேன், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாடிக்கு நான் போவது அபூர்வம். போன நாலைந்து தடவையில் இரண்டு தடவை தடுக்கினேன். ஆனால் நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். என் மனைவியும் ஒரு தடவை தடுக்கினாள். அவள் அன்றைக்குப் புதுச் செருப்பு. நான் தடுக்கினால் போன், மனைவி தடுக்கினால் செருப்பு, அத்தை தடுக்கினால் வயசு. இப்படி ஆளுக்கொரு காரணம் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது.

ஒரு மத்தியானம் நான் சீக்கிரம் வீடு திரும்பியபோது அத்தை படியில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தாள். டேப்பின் ஒரு முனையைக் கட்டை விரலால் அழுத்தி, இரண்டாவது படியின் உயரத்தைப் பார்த்தாள். ஏழு இஞ்ச். மூன்றாவது, ஏழு. நாலாவது, ஏழு. உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து உச்சி வரைக்கும் போனாள். எல்லாம் ஏழு. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும்? அவள் டேப்பைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“படி சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல” என்றாள்.

அவள் வாழ்க்கையில் டாக்டர் சொன்னதை நம்பியதில்லை, அப்பா சொன்னதை நம்பியதில்லை, என்னை நம்பும் பேச்சே இல்லை. டேப் சொன்னதை மட்டும் நம்புவாள். அது அன்றைக்கு எங்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. மறுநாள் துணியோடு வந்த பக்கத்து வீட்டம்மாவை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். “காலுக்கு அளவு தெரியாமப் போச்சு. கைக்கு மட்டும் தெரியுமா? உங்க துணியை நான் எதுக்குப் பாழாக்கணும்?” என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஐம்பத்துநாலு வருட வேலை, வாசலில் நின்றபடியே முடிந்தது. கழுத்திலிருந்து டேப்பும் இறங்கியது.

அடுத்த வாரம் அவளே, “நான் கீழ வந்துடறேன்” என்றாள். வேண்டாம் அத்தை, இருங்கள், யோசிப்போம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? சமையலறைக்குப் பக்கத்தில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கிற அறையை இரண்டே மணி நேரத்தில் காலி செய்தேன். பத்து வருடமாக அந்த அறையைச் சுத்தம் பண்ணச் சொல்லி என் மனைவி தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறாள், ஒரு நாளும் நடக்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பத்துக் கை முளைத்தது. ஏனென்றால் எங்கள் ஆபீஸில் வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள், எனக்கும் மூன்று ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆசை. மூன்றாம் நாள் வெட்டு மேசைமேல் என் கணினி உட்கார்ந்திருந்தது. அத்தையின் புது அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் சுவர் தெரியும்.

பெரிய மனிதனாகி மாடிக்குப் போய்விட்ட பிறகுதான் படி என் கண்ணில் பட்டது. மெருகு தேய்ந்து நடுவில் வெளுத்திருந்தது. ஐந்தாவது படி கிரீச்சென்றது. கைப்பிடி ஆடியது. அதைத் தாங்கும் கடைசல் பிடித்த கால்களில் மூன்று கழன்றிருந்தன. அத்தை தடுக்கி விழுந்த காலம் முழுக்க அந்தக் கைப்பிடி இதே மாதிரிதான் ஆடியது, அப்போது யாருக்கும் ஆள் தேடத் தோன்றவில்லை. இப்போது என்னைப் பார்க்க ஆபீஸிலிருந்து யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை வந்துவிட்டது.

முதலில் வந்தவர் மடிக்கணினியோடு வந்தார். படியைத் தொடவே இல்லை. “மரமெல்லாம் பழைய ஃபேஷன் சார், எடுத்துட்டுக் கண்ணாடி போட்டுடலாம்” என்று திரையில் ஒரு மாடிப்படியைக் காட்டினார். அதில் நடந்தால் கீழ் வீட்டில் இருப்பவர்கள் நம் உள்ளங்கால் ரேகையைப் படிக்கலாம். அடுத்தவர் வரவே இல்லை. “நாலு போட்டோ அனுப்புங்க, போதும்” என்றார். அனுப்பினேன். மூன்று நாள் வேலை, படிக்கு மேலே மரம் மாதிரியே இருக்கும் பிளாஸ்டிக் ஒட்டிவிடலாம் என்றார். மரத்தின் மேல் மரம் மாதிரி இருப்பதை எதற்கு ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

மூன்றாமவர் எங்கள் ஆபீஸ் காவலாளி சொல்லி வந்தவர். மரப்படியும் கைப்பிடியும் மட்டும்தான் பார்ப்பாராம், நாற்காலி மேசை பக்கம் போகமாட்டாராம். ஐம்பது வயது இருக்கும். இரண்டு முட்டியிலும் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர் மாதிரி தோளில் பையோடு வந்து நின்றார். அவரைப் பாலிஷ்காரர் என்றே சொல்கிறேன், அவரும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். வந்தவர் உட்காரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, விலை பேசவில்லை.

“ஒரு தடவை ஏறி இறங்குங்க சார்” என்றார்.

“நானா?”

“படியைப் பத்திப் படி சொல்லாது. ஏறுறவங்க கால்தான் சொல்லும். போனை வச்சிட்டு ஏறுங்க.”

சின்ன வயதில் ஓட்டப் பந்தயத்தில் நின்றதற்கு அப்புறம் என் காலை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. ஏறினேன், இறங்கினேன். இன்னொரு தடவை என்றார். அதையும் செய்தேன். பிறகு அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, விரல் முட்டியால் ஒவ்வொரு படியாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். இரண்டாவது படியின் விளிம்பில் கையை வைத்துத் தடவினார். ஒரு டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தார். அப்புறம் ஒரு எஃகு டேப்பை இழுத்துத் தரையில் ஊன்றினார்.

“சார், வீட்டுல யாராவது இந்த ரெண்டாவது படியில தடுக்கறாங்களா?”

என் மனைவி வெளியே போயிருந்தாள். அத்தை அவள் அறையில் இருந்தாள், கதவு சாத்தியிருந்தது. அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் இருபது வருடமாக இப்படிக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்குகிறவன் நான். படியில் ஏதோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்பது அந்தக் குரலிலேயே புரிந்துவிட்டது. ஆமாம் என்று சொன்னால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதும் புரிந்தது. மூன்று ஜன்னல். காலையில் கிழக்கு வெயில், சாயங்காலம் மேற்குக் காற்று.

“இல்லையே. அப்படி யாரும் இல்ல” என்றேன்.

பாலிஷ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இருக்காதே” என்றார்.

“இல்லைன்னு சொல்றேனே. நீங்க பாலிஷ் வேலையை மட்டும் பாருங்க.”

கதவு திறந்தது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இந்த இரண்டு மாதத்தில் வந்த பழக்கம் அது. சமதரையிலும் சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள்.

“நான் தடுக்கறேன்” என்றாள் அவரிடம். “நான்தான் தடுக்கினது. படி மேல தப்பில்ல, அளந்து பாத்துட்டேன். எனக்குத்தான் கால் தடுமாறுது. அதனால கீழ வந்துட்டேன்.”

“எந்தப் படியில இருந்தும்மா அளந்தீங்க?”

“ரெண்டாவதுல இருந்து. அங்கதானே தடுக்குது?”

“முதல் படியை அளந்தீங்களா?”

அளந்திருக்கவில்லை. முதல் படியில் அவள் ஒரு நாளும் தடுக்கியதில்லை. தப்புச் செய்யாதவனை எதற்கு விசாரிக்க வேண்டும்? நானாக இருந்தாலும் விசாரித்திருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால், நான் ஒரு படியையும் விசாரிக்கவில்லை.

“ஒரு டேப் எடுத்துட்டு வாங்கம்மா. என்னோடது வேண்டாம். உங்களோடதுலயே பாருங்க” என்றார் அவர்.

அத்தை உள்ளே போனாள். டேப் உடனே கிடைக்கவில்லை போலிருக்கிறது, பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. வந்தாள். மெதுவாகக் குனிந்து, டேப்பின் தகட்டு முனையைப் பளபளப்பான புதுத் தரையில் வைத்து, முதல் படி வரைக்கும் இழுத்தாள். பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

“ஆறு” என்றாள்.

“மத்ததெல்லாம் ஏழு” என்றார் பாலிஷ்காரர். “இந்தத் தரை எப்பம்மா போட்டது?”

அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் கீழ்த்தளத்துக்கு டைல்ஸ் போட்டேன். பழைய தரையைப் பெயர்த்தால் வீடெல்லாம் தூசியாகும், மாதக்கணக்கில் இழுக்கும் என்று பயந்து, “அதுக்கு மேலயே ஒட்டிடுங்க” என்றேன். கலவையும் ஓடுமாகச் சேர்ந்து தரை ஒரு இஞ்ச் உயர்ந்தது. அதனால் கீழே இருந்த ஐந்து கதவும் திறக்க முடியாமல் போய், ஆளை வரவழைத்து ஐந்தின் அடியையும் இழைத்தோம். நான் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தேன். கதவு இடித்ததும் தரை உயர்ந்துவிட்டது என்று புரிந்த எனக்கு, அத்தை இடித்ததும் அது புரியவில்லை.

“முதல் படி ஆறு இஞ்ச்ல கிடைச்சதும் கால் அந்த அளவை எடுத்துக்கும்மா. அடுத்ததும் ஆறுன்னு நெனச்சுத் தூக்கும். அது ஏழு. விரல் போய் இடிக்கும். தப்புப் பண்றது முதல் படி, அடி விழுறது ரெண்டாவது மேல” என்றார் அவர். பிறகு டார்ச்சை அடித்துக் காட்டினார். இரண்டாவது படியின் முகப்பில், நாலைந்து இடத்தில் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது. “இது ரப்பர் செருப்புத் தடம். நீங்க வெறுங்காலோட நடக்கறீங்க. இது உங்களோடது இல்லம்மா.”

மூன்று பேரும் என் காலைப் பார்த்தோம். கறுப்பு ரப்பர்.

“சார் ஏறும்போது பாத்தேன். ரெண்டாவது படிகிட்ட வந்ததும் காலைத் தூக்கி வீசறாரு. பழகிட்டாரு” என்றார் அவர். “உங்க கால் முப்பது வருஷமா எல்லாப் படியும் ஒரே அளவுன்னு மனசுல வச்சிருக்கு. லேசுல விட்டுக் குடுக்காது.”

அத்தை முதல் படியிலேயே உட்கார்ந்தாள். டேப் மடியில் கிடந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. முன்பின் தெரியாத அந்த மனிதரைப் பார்த்து, ஒரு குழந்தை டாக்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“உங்களுக்கு என்னம்மா? ஒண்ணும் இல்ல.”

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். என் அப்பா செத்த அன்றும் நின்று வேலை பார்த்தவள், அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. இந்த இரண்டு மாதமாக அந்தச் சுவர் தெரியும் அறையில் உட்கார்ந்து தன் கை, கால், கண் ஒவ்வொன்றாக அவள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அத்தை, நான் சொன்னது பொய்” என்று மட்டும் சொன்னேன். “கேட்டுச்சு” என்றாள்.

அழுது முடித்ததும் அத்தை எழுந்து பழைய வெட்டு மேசைக்காரி ஆனாள். தரையைப் பெயர்க்க முடியாது, அப்படியானால் என்ன வழி என்று கேட்டாள். கூடின ஒரு இஞ்சை எல்லாப் படிக்கும் பங்கு போட்டுவிடலாம் என்றார் பாலிஷ்காரர். முதல் படிமேல் ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாகக் கனத்த பலகை, அடுத்ததில் அதைவிட மெல்லியது, இப்படி மேலே போகப் போக மெலிந்துகொண்டே போய் உச்சியில் வெறும் ஏடு. கடைசல் கால்களைச் சுற்றிப் பலகையை வெட்டிப் பொருத்த வேண்டும். பாலிஷ் மட்டும் என்றால் நாலு நாள், இது மூன்று வாரம். “பாலிஷ் மட்டும் போதும்னு சார் சொன்னாரு” என்றார் அவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். நான் அசடு வழிந்தேன். அத்தை ஒரு பழைய அளவுச் சீட்டின் பின்பக்கம் ஒரு இஞ்சைப் பதினாலு பங்காக வகுத்து, ஒவ்வொரு பலகைக்கும் கனம் எழுதி அவரிடம் கொடுத்தாள். அவர் தன் சட்டைப்பையிலிருந்து தன் கணக்கை எடுத்து ஒத்துப் பார்த்தார். ஒன்பதாவது படியில் அவர்தான் தப்புப் பண்ணியிருந்தார்.

மூன்று வாரமும் அத்தை ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் பழைய மெருகைச் சுரண்டியபோதும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோதும், கைப்பிடியை இறுக்கியபோதும் இருவரும் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வார்த்தை இருக்காது. என் மனைவி இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்து அலுத்துப்போனாள். நான் கணினியைக் கீழே இறக்கி, சுவர் தெரியும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வெட்டு மேசையை நானே துடைத்தேன். யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே செய்துவிட்டதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

மெருகு காய்ந்த மறுநாள் காலை, அத்தை கையை வீசிக்கொண்டு ஏறிப் போனாள். நானும் என் மனைவியும் கீழே நின்று பார்த்தோம். ஒரு படியில்கூட அவள் கால் யோசிக்கவில்லை.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். முதல் படியிலேயே விரல் இடித்து, பெட்டியோடு முட்டி போட்டு விழுந்தேன். ஆறு இஞ்சுக்குப் பழகிய கால், படி இப்போது கிட்டத்தட்ட ஏழு. என் மனைவி கத்தினாள். அத்தை உச்சியிலிருந்து அவசரமாக இறங்கி வந்தாள். என்னைத் தூக்கவில்லை, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, என் வயசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்திலிருந்து டேப்பை எடுத்து, முதலில் படியை அளந்து பார்த்தாள்.